கதவில் எண் எழுதும் நாளிலேயே தொடங்கும் வெளியேற்றம்

ஆற்றங்கரைக் குடியிருப்புக்குள் ஜேசிபி நுழையும் நாளைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அதற்குப் பல மாதங்கள் முன்பே, ஏதோ ஒரு பகல் நேரத்தில், பெயின்ட் டப்பாவும் படிவக் கட்டுமாக நாலைந்து பேர் அங்கே வந்து போயிருப்பார்கள். கதவுக்குக் கதவு ஓர் எண் எழுதுவார்கள். குடும்பத் தலைவர் பெயர், ரேஷன் கார்டு, ஆதார், வீட்டில் எத்தனை பேர், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். வீட்டு வேலைக்கோ கட்டட வேலைக்கோ போனவர்களின் கதவு பூட்டியிருந்தால் ‘பூட்டிய வீடு’ என்று ஒரு குறிப்போடு அடுத்த கதவுக்குப் போய்விடுவார்கள். மாற்று வீடு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது பெரும்பாலும் அன்றைக்கே முடிவாகிவிடும். சென்னையின் வெளியேற்றங்களை வைத்துக் குடியிருப்பு உரிமையைப் புரிந்துகொள்ள முயல்பவர்கள் அந்த நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குடியிருப்பு உரிமை என்றதும் ‘அரசு ஆளுக்கொரு வீடு கட்டித்தர வேண்டுமா?’ என்ற கேள்விதான் முதலில் வரும். சர்வதேசச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் 25-ஆம் பிரிவில் உணவு, உடையோடு சேர்த்து உறைவிடத்தையும் சொல்கிறது. 1966-இல் ஏற்கப்பட்ட பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கை 11-ஆம் பிரிவில் அதை அரசுகளின் கடமையாக்குகிறது. இந்தியா 1979 ஏப்ரல் 10-இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன் செயல்பாட்டைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு, 1991-இல் வெளியிட்ட 4-ஆவது பொதுக் கருத்துரையில் எது ‘போதுமான வீடு’ என்பதற்கு ஏழு அளவுகோல்களை வைத்தது. குடியிருப்பதற்கான சட்டப் பாதுகாப்பு, தண்ணீர், கழிவறை போன்ற வசதிகள், தாங்கக்கூடிய செலவு, வாழத்தக்க கட்டடம், முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் புழங்க முடிவது, வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எட்டும் இடம், பண்பாட்டுக்கு ஒத்துவருவது. முதலில் வருவதைக் கவனியுங்கள். கூரையும் சுவரும் பின்னால்தான் வருகின்றன. ‘நாளைக்குக் காலி செய்’ என்று யாரும் நினைத்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாத நிலைதான் முதலில் இருக்கிறது. பட்டாவோ சொந்தப் பத்திரமோ இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு என்று கருத்துரை சொல்லவில்லை. வாடகைக்கு இருப்பவர், புறம்போக்கில் குடிசை போட்டவர் எல்லோருக்கும் ஓரளவாவது அது வேண்டும் என்கிறது.

1997-இல் வந்த 7-ஆவது கருத்துரை வெளியேற்றத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உரிய சட்டப் பாதுகாப்போ வேறு பாதுகாப்போ தராமல், விருப்பத்துக்கு மாறாக மக்களை வீட்டிலிருந்தோ நிலத்திலிருந்தோ அகற்றுவதுதான் வலுக்கட்டாய வெளியேற்றம் என்கிறது. ஆகவே எல்லா வெளியேற்றமும் குற்றமல்ல. வெள்ளம் புகும் இடத்திலிருந்து மக்களை மாற்றுவது நியாயமாகவே இருக்கலாம். அதைச் செய்யும் முறைக்கு எட்டு நிபந்தனைகள் இருக்கின்றன. மக்களிடம் உண்மையாகவே கலந்து பேச வேண்டும். போதுமான அவகாசத்தோடு நோட்டீஸ் தர வேண்டும். அந்த நிலம் எதற்கு வேண்டும் என்ற விவரத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அகற்றும்போது அரசு அதிகாரிகள் நேரில் இருக்க வேண்டும். அகற்ற வருபவர்கள் யார் யார் என்று தெரிய வேண்டும். மோசமான மழையிலோ இரவிலோ அகற்றக் கூடாது. நீதிமன்றத்தை நாட வழி இருக்க வேண்டும். தேவைப்படுவோருக்குச் சட்ட உதவி கிடைக்க வேண்டும். இந்த எட்டுக்கும் மேலே ஒன்று உண்டு: வெளியேற்றத்தால் யாரும் வீடற்றவராகிவிடக் கூடாது. 2007-இல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் வகுத்த வழிகாட்டு நெறிகள் இன்னும் ஒரு படி மேலே போய், கருத்துக்கேட்பு முடிந்து மறுகுடியமர்வு தவிர்க்க முடியாதது என்று ஆன பிறகும் குறைந்தது 90 நாள் நோட்டீஸ் தரச் சொல்கின்றன.

இதையெல்லாம் தாசில்தார் அலுவலகத்தில் போய்க் காட்டினால் என்ன நடக்கும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். தனிநபர் ஐ.நா. குழுவிடம் நேரடியாக முறையிட வழி செய்யும் விருப்ப நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. ஸ்பெயினில் வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பம் அந்தக் குழுவிடம் போய் 2017-இல் வென்றது. நமக்கு அந்தக் கதவு இல்லை. வேறு இரண்டு சிறு வழிகள் உண்டு. 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், ‘மனித உரிமை’ என்பதற்கு விளக்கம் தரும்போதே இந்த உடன்படிக்கையையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே மனித உரிமை ஆணையத்துக்கு எழுதும் மனுவில் இதை மேற்கோள் காட்டலாம். உள்நாட்டுச் சட்டத்தோடு முரண்படாத சர்வதேச நெறிகளை நீதிமன்றம் அடிப்படை உரிமைகளுக்குள் வாசித்துக்கொள்ளலாம் என்பது 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தில்லி உயர் நீதிமன்றம் இந்த வழியில்தான் நடந்தது. 2010-இல் சுதாமா சிங் வழக்கிலும் 2019-இல் அஜய் மாக்கன் வழக்கிலும், கணக்கெடுப்பும் மக்களோடு கலந்து வகுத்த மறுவாழ்வுத் திட்டமும் இல்லாமல் குடிசைகளை அகற்றக் கூடாது என்றது. சென்னை நீதிமன்றத்தை அந்தத் தீர்ப்புகள் கட்டுப்படுத்தாது என்றாலும், எடுத்துக்காட்டாக முன்வைக்கலாம்.

ஓல்கா டெல்லிஸ் வழக்கில் நடைபாதைவாசிகள் முழுவதுமாக வென்றார்கள் என்ற தவறான எண்ணம் ஊன்றிப்போயிருக்கிறது. 1981 ஜூலையில் அப்போதைய மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே, பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பப்போவதாக அறிவித்ததிலிருந்து தொடங்கிய வழக்கு அது. 1985 ஜூலை 10-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாழ்வாதார உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவிலுள்ள வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. வீடு போனால் வேலை போகும், வேலை போனால் வாழ்வு போகும் என்பது அதன் தர்க்கம். சட்டப் புத்தகங்கள் இந்தப் பாதியைத்தான் மேற்கோள் காட்டுகின்றன. மறுபாதியில் மனுதாரர்கள் தோற்றார்கள். நடைபாதையை ஆக்கிரமிக்கும் உரிமை யாருக்கும் இல்லை, நோட்டீஸ் இல்லாமல் அகற்றலாம் என்ற மாநகராட்சிச் சட்டப் பிரிவும் செல்லும், ஆனால் அந்த அதிகாரத்தை அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த ஆண்டு அக்டோபர் 31 வரை, அதாவது மழைக்காலம் முடியும் வரை, அவகாசம் கொடுத்தது. 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னது. அன்றைக்கும் அட்டை வைத்திருந்தவருக்கு ஒரு கதி, இல்லாதவருக்கு வேறு கதி என்றுதான் முடிந்தது.

இப்போது எல்லோர் வாயிலும் இருப்பது, கட்டடங்களை இடிப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13-இல் தந்த ‘புல்டோசர் தீர்ப்பு’. நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு நாடு முழுவதற்குமான விதிகளை வகுத்தது. உள்ளாட்சிச் சட்டத்தில் சொன்ன காலம் அல்லது 15 நாள், இதில் எது பிந்தியதோ அதுவரை பதில் சொல்ல அவகாசம் தரும் நோட்டீஸ் வேண்டும். அதைப் பதிவுத் தபாலில் அனுப்புவதோடு கட்டடத்தின் வெளிப்புறத்திலும் ஒட்ட வேண்டும். ஆட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தகவல் போக வேண்டும். இது பழைய தேதியிட்ட நோட்டீஸ் தயாரிப்பதைத் தடுக்கத்தான். நேரில் விசாரணை நடத்தி அதன் குறிப்பைப் பதிய வேண்டும். இடிப்பதைத் தவிர வேறு வழி ஏன் இல்லை என்று இறுதி உத்தரவில் எழுத வேண்டும். உத்தரவுக்குப் பின்னும் 15 நாள் பொறுக்க வேண்டும். இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். மீறும் அதிகாரி தன் சொந்தப் பணத்தில் ஈடு கட்ட நேரும்.

இவ்வளவும் படித்துவிட்டு அடையாற்றங்கரையிலிருந்து ஒருவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டால், அவருக்கு அந்தத் தீர்ப்பிலுள்ள விலக்கையும் வாசித்துக் காட்டுவது நம் கடமை. சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகிய பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது. நீதிமன்றமே இடிக்க உத்தரவிட்ட இடங்களுக்கும் பொருந்தாது. சென்னையில் வெளியேற்றம் எங்கே நடக்கிறது என்று பார்த்தால் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், அதையும் விட்டால் ரயில் பாதையோரம். பெரும்பாலும் ஏதோ ஒரு நீதிமன்ற உத்தரவின் பேரில். நாட்டிலேயே அதிகம் பேசப்படும் பாதுகாப்பு, வீட்டை இழக்கும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. விலக்கு இருப்பதால் நோட்டீஸே தேவையில்லை என்று ஆகிவிடாது. மாநிலச் சட்டங்கள் கேட்கும் நோட்டீஸ் அப்படியே இருக்கிறது. வழக்கை அங்கேதான் நடத்த வேண்டியிருக்கிறது.

முதலில் நிலம் என்ன வகை என்று தெரிய வேண்டும். ‘புறம்போக்கு’ என்ற ஒரே சொல்லுக்குள் பல விதிகள் கிடக்கின்றன. நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்), தரிசு போன்றவை ஆட்சேபணையற்ற புறம்போக்கு. அரசு அவ்வப்போது வரன்முறைப்படுத்திப் பட்டா கொடுப்பது இவற்றுக்குத்தான். ஆறு, ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம், சாலை போன்றவை ஆட்சேபணைக்குரியவை. சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்த எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் எந்த வழக்கறிஞரும் ஆலோசனை சொல்ல முடியாது. நாற்பது வருடம் முன்பு தெருவாக இருந்து குடியிருப்பாகிப் போனதும், வாய்க்கால் திசை மாறி நிலம் மேடாகிப் போனதும் பதிவேட்டில் பழையபடியே இருக்கும்.

வருவாய்த் துறை பயன்படுத்துவது 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். நூற்றிருபது வயதாகியும் அதன் இரண்டு பிரிவுகள் தாலுகா அலுவலகங்களில் அன்றாடப் பேச்சு: ‘7 நோட்டீஸ்’, ‘6 நோட்டீஸ்’. வரிசை எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. 7 முதலில் வரும். உங்களை ஏன் அகற்றக் கூடாது என்று விளக்கம் கேட்பது அது. பதிலைப் பரிசீலித்த பின்புதான் 6, அதாவது காலி செய்யச் சொல்வது. அடிக்கடி கெட்டுப்போகும் இடம் இதுதான். 7-க்குக் கொடுத்த பதிலைப் படிக்காமலே அச்சடித்த ஒரே வாசகத்தோடு 6 வந்துவிடும். சில நேரம் இரண்டும் ஒன்றாக வரும். சில நேரம் பெயரே இல்லாமல் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று மட்டும் எழுதி ஒரு சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்கள். இவை ஒவ்வொன்றும் உயர் நீதிமன்றத்தில் உத்தரவை ரத்து செய்யும் அளவுக்குக் கனமான குறைகள். ஆனால் பதில் கொடுத்தேன் என்பதற்குச் சான்று கையில் இருக்க வேண்டும். பதிலின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். 6-க்குப் பிறகு மேல்முறையீடு உண்டு. மேல்முறையீடு செய்ததாலேயே இடிப்பது நின்றுவிடாது என்பதால் தடையுத்தரவையும் தனியாகக் கேட்க வேண்டும்.

ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் தனியாக உண்டு. முதலில் அளந்து எல்லை குறிக்க வேண்டும், பிறகுதான் நோட்டீஸ். சட்டம் செல்லும் என்று 2010-இல் டி.எஸ். செந்தில்குமார் வழக்கில் ஏற்ற சென்னை உயர் நீதிமன்றம், குடியிருப்பவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. எல்லைக்கல் நடாமல் வந்த நோட்டீஸ் என்றால் அதையே முதல் ஆட்சேபமாக எழுதலாம்.

பழைய குடும்பங்களில் ‘பி மெமோ’ ரசீது இருக்கும். ஆக்கிரமிப்புக்கு வருவாய்த் துறை போட்ட தண்டத்தீர்வை அது. பட்டா ஆகாது, உரிமையும் தராது. ஆனால் இந்த ஆண்டில், இந்தச் சர்வே எண்ணில், இந்தப் பெயர்க்காரர் இருந்தார் என்று அரசே எழுதிக் கொடுத்த காகிதம். எத்தனை வருடம் குடியிருந்தார்கள் என்பதற்கு இதைவிடப் பலமான சான்று கிடைப்பது அரிது. கூடவே மின் கட்டண அட்டை, பழைய வாக்காளர் பட்டியல், பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ்.

தமிழ்நாட்டில் மறந்துபோன இன்னொரு சட்டம் 1971-ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் மேம்பாடு, அகற்றல் சட்டம். ஓரிடத்தைக் குடிசைப் பகுதி என்று அறிவித்துவிட்டால் அங்கே அடிப்படை வசதி செய்துதரும் பொறுப்பு அரசுக்கு வந்துவிடும், குடியிருப்போரை அகற்றுவதற்கும் கட்டுப்பாடு வரும். சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-இல் 17. அதன்பின் பல பத்தாண்டுகள் அறிவிப்பே இல்லை. அறிவிப்பு பெற்ற தெருவும் பெறாத தெருவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பார்ப்பதற்கு வித்தியாசம் தெரியாது. அகற்றும்போதுதான் தெரியும். மாற்று வீடு கட்டி ஒதுக்கும் குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். ஊர் வாயில் இன்னும் அது குடிசை மாற்று வாரியம்தான்.

மறுபடியும் கதவில் எழுதும் எண்ணுக்கு வருவோம். கணக்கெடுப்பில் விடுபடுவோர் யார் என்று பார்த்தால் ஒரே மாதிரியான முகங்கள் தெரியும். ஒரே வீட்டில் அப்பா, கல்யாணமான இரண்டு மகன்கள் என்று மூன்று அடுப்பு எரியும். ரேஷன் கார்டு ஒன்று என்பதால் ஒரே குடும்பமாக எழுதிவிடுவார்கள். பிறகு முந்நூற்றுச் சொச்சம் சதுர அடியில் ஒன்பது பேர். வாடகைக்கு இருப்பவர்களின் வீடு உரிமையாளர் பெயரில் பதிவாகும். அவர் வேறு ஊரில் இருந்தாலும் மாற்று வீட்டுக்கான டோக்கன் அவருக்கு. கணவன் விட்டுப் போன பெண்ணின் பெயர் இன்னும் கணவன் கார்டில் கிடக்கும். வட மாநிலத் தொழிலாளியிடம் உள்ளூர்க் கார்டே இருக்காது. பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் எல்லோரும் ‘பூட்டிய வீடு’.

இதைச் சரிசெய்யும் நேரம் கணக்கெடுப்புக்கும் பட்டியல் வெளியாவதற்கும் இடைப்பட்ட வாரங்கள்தான். குடியிருப்பு மக்களே ஒரு நோட்டில் எண்வாரியாக எழுதி, பூட்டிய வீடுகளையும் தனி அடுப்புகளையும் குறித்து, வாரியத்துக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் ஆட்சியருக்கும் ஒரே மனுவாகக் கொடுத்த இடங்களில் மறு கணக்கெடுப்பு கேட்க வலு இருக்கும். பட்டியலின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் ஆகும். வாழ்வு அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்ற விதியைச் சுட்டிக்காட்டிக் கேட்பது நல்லது. எல்லா அலுவலரும் ஏற்க மாட்டார்கள்.

மாற்று வீடு கிடைத்தவர்களின் நிலையை அந்த ஏழு அளவுகோல்களில் ‘இடம்’ என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். 2000 வாக்கில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்கள் என்று நகரத்து ஏழைகள் தெற்கே நகர்த்தப்பட்டார்கள். சென்ட்ரலிலிருந்து பெரும்பாக்கம் சுமார் 25 கிலோமீட்டர். மயிலாப்பூரில் காலை ஆறு மணிக்கு மூன்று வீட்டில் பாத்திரம் துலக்கி, எட்டு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பெண்ணுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. முதல் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்திருக்கும். கூவம் சீரமைப்பில் அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு இடம்பெயர ஒருமுறை 5,000 ரூபாயும், ஓராண்டுக்கு மாதம் 2,500 ரூபாயும் தருவதாக ஏற்பாடு. கணக்கில் அது போக்குவரத்துக்கும் இடையில் வேலை இல்லாத நாட்களுக்கும் சேர்த்து. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ‘உங்கள் பாதுகாப்புக்காக’ என்று ஆற்றங்கரையிலிருந்து கூட்டிப்போன இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம் என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. செம்மஞ்சேரி குடியிருப்பில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவது அங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரம், நீதிமன்ற உத்தரவின் பேரில் இடிப்பு நடந்தது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த வாரம். எதிர்ப்புத் தெரிவித்து ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். மறுநாளே சட்டமன்றத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின், அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு ஒதுக்குவதாகவும், இனி அகற்றுவதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்கப்படும் என்றும் அறிவித்தார். அருகிலேயே வீடு தர முடியும் என்பது அன்றைக்குத் தெரியவந்தது. கருத்துக் கேட்டிருந்தால் ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும்.

நாள் குறித்துவிட்டார்கள் என்றால் மணிக்கணக்கில்தான் வேலை. நோட்டீஸ், பதிலின் நகல், குடியிருப்புச் சான்று, அ-பதிவேட்டு விவரம், மாற்று வீட்டுப் பட்டியல் ஆகியவற்றோடு உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு போட வேண்டும். அவசரம் என்றால் காலையில் முறையிட்டு மதியமே எடுத்துக்கொள்ளும் ‘லஞ்ச் மோஷன்’ வழி உண்டு. வீடு தரைமட்டமான பின் போனால், ‘இனி என்ன உத்தரவிடுவது’ என்று மனு முடித்துவைக்கப்படும் ஆபத்து இருக்கிறது. ‘இடிக்கக் கூடாது’ என்று மட்டும் கேட்டுத் தோற்பவர்கள் பலர். தேர்வு முடியும் வரை, மழை நிற்கும் வரை அவகாசம், விடுபட்டவர்களுக்கு மறு கணக்கெடுப்பு, 5 கிலோமீட்டருக்குள் மாற்று வீடு என்று மாற்றுக் கோரிக்கைகளையும் சேர்த்து வைத்தால், ஆக்கிரமிப்பு என்பதை ஏற்கும் நீதிபதியும் ஏதாவது ஒன்றைத் தர இடமிருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இடிக்கும் நாளில் வந்திருக்கும் அதிகாரியின் பெயர், பதவி, உத்தரவின் எண் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சாமான்களை வெளியே வைக்கும்போதே தெருவோடு சேர்த்து வீடியோ எடுக்க வேண்டும். கதவு எண் தெரிகிற மாதிரி ஒரு படம், கதவு போவதற்கு முன். ஒதுக்கீட்டு ஆணையில் பெயர் எழுத்துப் பிழை, மனைவி பெயர் விடுபட்டது, கதவு எண் மாறியது எதுவானாலும் சாவியை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். பிறகு திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு கொடுத்தாக வேண்டும். அதற்குப் பின் வந்தால் ஆணையம் விசாரிக்க முடியாது.